நியூஸ் கார்டுல தேதி போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்துல ஸ்கூல் வேன் ஓட்டுறேன், ரொம்ப வருஷமா உங்க வாசகன். இந்த லெட்டர் உங்க பேப்பர்ல வர்ற செய்தியைப் பத்தி இல்ல சார், பேப்பர்காரங்க டிவிக்காரங்க எல்லாரும் இப்ப ஃபேஸ்புக்லயும் வாட்ஸ்அப் சேனல்லயும் போடுற நியூஸ் கார்டைப் பத்தி.

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா எங்களுக்கு விடியக்காலையிலயே போன் அடிக்க ஆரம்பிச்சிடும், "அண்ணே இன்னிக்கு லீவா வேன் வருமா"ன்னு. கலெக்டர் ஆபீஸ்ல சில நாள் முந்தின ராத்திரியே சொல்லிடுவாங்க, சில நாள் காலைல ஆறு மணிக்கு மேலதான் சொல்வாங்க, அதுவரைக்கும் எல்லாரும் போனையே பார்த்துட்டு இருப்பாங்க. போன மழைக்காலத்துல அப்படி ஒரு நாள் பேரன்ட்ஸ் குரூப்ல ஒரு கார்டு வந்துச்சு. மேல ஒரு பெரிய பேப்பரோட லோகோ, நடுவுல கொட்டை எழுத்துல "கடலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை", பின்னாடி குடை பிடிச்சுட்டு போற பசங்க போட்டோ. நாலஞ்சு பேர் தம்ஸ்அப் போட்டாங்க, அவ்ளோதான், பாதி வீட்ல பிள்ளைங்கள எழுப்பவே இல்ல. அன்னிக்கு ஸ்கூல் இருந்துச்சு, டெஸ்ட்டும் இருந்துச்சு. பத்தாவது படிக்கிற பொண்ணு ஒன்னு மறுநாள் வேன்ல அழுதுட்டே வந்துச்சு.

அது போலி கார்டுன்னா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த பேப்பரே போட்ட ஒரிஜினல் கார்டு சார் அது, ஆனா முந்தின வருஷத்து மழைக்குப் போட்டது. யாரோ கேலரில இருந்து எடுத்து தள்ளி விட்டிருக்காங்க. கார்டு முழுக்க தேடிப் பார்த்தேன், தேதி கிடையாது.

பேப்பர்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல தேதி கிழமை இருக்கு, டீக்கடையில பஜ்ஜி மடிச்சுக் குடுக்கற துண்டுல கூட பல நேரம் அது எந்த நாள் பேப்பர்னு தெரிஞ்சிடும். கார்டு போட்ட நேரத்தை ஃபேஸ்புக் காட்டும் சரி, ஆனா ஒருத்தர் அதை சேவ் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா நேரமும் போச்சு லிங்க்கும் போச்சு, படம் மட்டும் ஊர் சுத்தும். ஆப்லயும் எது புதுசு எது பழசுன்னு வரிசையா வர்றதில்ல, இன்ஸ்டாகிராம் 2016-லயே நேர வரிசையை விட்டுட்டு நமக்கு எது பிடிக்கும்னு அதுவே கணக்கு போட்டு காட்ட ஆரம்பிச்சிடுச்சு, அதனால மூணு நாள் முன்னாடி போட்ட ரெட் அலர்ட் இன்னிக்கு மேல வந்து நிக்குது.

2015 டிசம்பர் வெள்ளத்தப்ப தி இந்து பேப்பரே ஒரு நாள் சென்னையில அச்சாகல, 1878-ல ஆரம்பிச்சதுல இருந்து அப்படி நடந்ததே இல்லன்னு சொன்னாங்க. அப்ப சோறும் படகும் கிடைக்கறதுக்கு ஃபேஸ்புக்கும் ட்விட்டரும்தான் கை குடுத்துச்சு, அதை நான் மறக்கல. ஆனா அப்பவும் "இந்த வீட்ல மாட்டிக்கிட்டு இருக்காங்க காப்பாத்துங்க"ன்னு போட்ட மெசேஜ் அவங்கள மீட்டதுக்கப்புறமும் சுத்திட்டே இருந்துச்சு, ஏன்னா எப்ப போட்டதுன்னு அதுல இல்ல. 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்களை தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு சம்பந்தமில்லாத வீடியோவை எல்லாம் பரப்பினாங்களே, டிஜிபியே வீடியோவுல வந்து மறுக்க வேண்டியதாச்சு.

வதந்தியால நாடு முழுக்க ஆளுங்கள அடிச்சே கொன்னதுக்கு அப்புறம், 2018-ல வாட்ஸ்அப் ஒரு மெசேஜை ஒரே தடவைல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு இங்க கட்டுப்பாடு போட்டுச்சு. அந்த வருஷம் நம்ம போளூர் பக்கம் அத்திமூர்ல கூட, குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பத்தை பிள்ளை பிடிக்கறவங்கன்னு அடிச்சதுல ஒரு வயசான அம்மா செத்துப் போனாங்க. ஆனா படத்தை சேவ் பண்ணி புதுசா அனுப்பினா அந்த ஃபார்வர்ட் கணக்கு திரும்ப முதல்ல இருந்துதான் ஆரம்பிக்குது, அதனால கம்பெனி பார்த்துக்கும்னு விட்டுட முடியாது. கார்டு செய்யறது நீங்க, அதுல தேதி போடறது உங்க கையிலதான் இருக்கு.

எங்க வேன் ஸ்டாண்ட்ல பேப்பர் வாங்கறவங்க ரொம்ப குறைஞ்சிட்டாங்க, அவங்களுக்கு கார்டுதான் பேப்பர். அதனால பேப்பர்ல பார்க்கற அதே அக்கறையை கார்டுலயும் பாருங்க. லோகோ எந்த சைஸ்ல இருக்கோ அதே சைஸ்ல தேதி, கிழமை, எத்தனை மணிக்கு வந்த அறிவிப்பு, யார் சொன்னது, இது நாலும் வேணும். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் லீவுன்னா அதை கீழ பொடி எழுத்துல போடாம தலைப்புலயே போடுங்க. இன்னொன்னு, பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடறீங்க, கார்டுல தப்பு வந்தா பல பேர் சத்தமில்லாம டெலிட் பண்ணிட்டு போயிடறாங்க, குரூப்ல ஏற்கெனவே போன காப்பி அங்கயேதான் கிடக்கு. டெலிட் பண்றதுக்கு பதிலா அதே கார்டு மேல "தவறான தகவல்"னு சிவப்புல அடிச்சு திரும்ப போடுங்க, அதை நாங்களே எல்லா குரூப்லயும் அனுப்பறோம்.

அடுத்த வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி உங்க டிஜிட்டல் டீம்ல இதைச் சொல்லிடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கூல் வேன் டிரைவர்,
நெல்லிக்குப்பம்.