குட்டியின் சனிக்கிழமை வகுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவுக்குக் கால் தேறிவிட்டது. காசிமேடு வரை போய் மீன் வாங்கி வருகிறார். நீ குளிரில் தலையை மூடாமல் போகாதே.

ரிடையர் ஆன பிறகும் கொருக்குப்பேட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் உதவிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் இப்போது பீகார், ஒடிசா பிள்ளைகள் நிறைய. எல்லாம் கட்டட வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் 350ஏ பிரிவில் சொல்கிறது. தெலுங்குக்கும் உருதுவுக்கும் நம் சென்னை மாநகராட்சி பள்ளி நடத்தியது. ஒடியா தெரிந்த டீச்சருக்கு எங்கே போவது? வேலை முடிந்தால் குடும்பமே வேறு ஊருக்குப் போய்விடும். தமிழ் பிடிபட்ட மூத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோம். காலைச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்தே பாதித் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள்.

அதில் ஒரு சின்னப் பெண், அவள் அம்மாவின் போனில் ஊரிலிருக்கும் பாட்டியோடு ஒடியாவில் வாய் ஓயாமல் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் கடைசிவரை நின்று கேட்டேன்.

உங்கள் ஊரில் இந்த முட்டுப்பாடெல்லாம் இல்லையே. 1971-லேயே கனடா பல பண்பாட்டையும் மதிப்பதை அரசுக் கொள்கை ஆக்கியது. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 1977 முதல் தாய்மொழி வகுப்புக்குப் பணம் ஒதுக்கினார்கள். போதுமான பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளி வாரியம் வகுப்பு நடத்தியே ஆக வேண்டும். அங்கே போன புதிதில் நீதான் இதையெல்லாம் விசாரித்துச் சொன்னாய். என் பெண் எவ்வளவு விவரமாக இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, என் பேரன் குட்டி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறானா? நீச்சலும் அதே நேரம் என்று ஒருமுறை சொன்னாய். நீச்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் போனில் என் முகத்தைப் பார்த்ததும் 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். இங்கே கேட்டும் கிடைக்காத டீச்சர் அங்கே பிள்ளைக்காகக் காத்திருக்கிறார், பாப்பா. தெருக்கோடியில் இருக்கும் வகுப்பை விடலாமா?

நான் கேட்டதாக மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். ஆபீசில் உனக்கு எவ்வளவு வேலை என்றும் தெரியும். அடுத்த தடவை எப்போது பெயர் சேர்க்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து எழுது.

அன்புடன்,
அம்மா