விண்டோஸை அழிக்காதே, முதலில் ரேமைப் பார்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் காலேஜ் சீட் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் சீசன் முடியப்போகிறது; கூழ் ஆலைக்குப் போகிற மாங்காய் வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு.

சரி, அடிக்கடி நீலத்திரை காட்டி விழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, உன் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டர், அதற்கு வருகிறேன். வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் போடப் பார்க்கிறார்களா? பொறு. ஒரே புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் விழுந்தால் அந்தப் புரோகிராமைச் சந்தேகப்படலாம். உனக்கோ ஆல்பம் செய்யும்போதும் விழுகிறது, பாட்டு ஓடும்போதும் விழுகிறது. நீலத்திரையில் ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு நாள் 'பேஜ் ஃபால்ட்'. அதோடு, சுருக்கி வைத்த ஜிப் கோப்பு ஒருமுறை கெட்டுவிட்டது என்கிறது, மறுபடி பிரித்தால் ஒழுங்காக வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. டிஸ்க்கில் கோப்பு கெட்டிருந்தால் எப்போதும் கெட்டதாகத்தான் வரவேண்டும். வழியில் ரேம், அதாவது வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, எதையோ மாற்றுகிறது.

விழுவதைவிட எனக்கு இதுதான் பயம். கேமரா கார்டிலிருந்து காப்பி ஆகும் படமும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. ஒரு பிட் புரண்டாலும் சத்தமில்லாமல் அப்படியே பதிந்துவிடும். என்றாவது திறந்தால் மணப்பெண் முகத்துக்குக் கீழே பாதிப் படம் சாம்பல் பட்டை. ஆனி முகூர்த்தப் படங்கள் இருக்கும் கேமரா கார்டு எதையும் அழிக்காதே. பழைய பேக்கப் மேலேயும் எழுதாதே. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் இதே ரேம் வழியாகத்தான் போகும், அதுவும் ஓட்டையோடுதான் உட்காரும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராம் இலவசம். அதை வேறு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் ஏற்றி, உன்னுடையதை விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்து தொடங்கு (பூட் செய்). இரவெல்லாம் ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடாதே. வந்தால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி என்கிற, ரேமை வேகமாக ஓட்டும் செட்டிங் போட்டிருக்கிறதா பார். டிடிஆர்4 வகை ரேமுக்கு வழக்கமான மின்னழுத்தம் 1.2 வோல்ட்; எக்ஸ்எம்பி பெரும்பாலும் அதை 1.35க்கு ஏற்றி வேகமாக ஓட்டும். அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டு.

அப்போதும் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்று. பொன்நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்து. எங்கள் ஊர் கிரானைட் தூசியில் பாதி கேஸ் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதி. ஒன்று மட்டும் தோற்றால் குற்றவாளி அதுதான். வாரண்டி இருக்கலாம், ஸ்டிக்கரைக் கிழிக்காதே. இரண்டுமே தோற்றால் ஸ்லாட்டை மாற்றிப் பார், அப்புறம் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) இரண்டையும் பார்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைக் காட்டி யாராவது எஸ்எம்பிஎஸ் விற்க வந்தால் வாங்காதே. கம்ப்யூட்டர் ஒழுங்காக அணையவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும், காரணம் சொல்லாது.

ஆடியில் உனக்கும் கல்யாண வேலை இருக்காது. பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற வழியில் தர்மபுரியில் இறங்குகிறேன். போர்டு டிடிஆர்3ஆ, 4ஆ என்று எழுது, அதற்கேற்ற ரேம் ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே