முருகேசனுக்கு, சர்க்கரை பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது. புத்தகமெல்லாம் மூட்டையில், நானும் ஏறக்குறைய மூட்டையில். அதனால்தான் தாமதம். உன் மூத்த மகள் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று படித்ததும் பாதிக் கவலை விட்டது. கெட்டிக்காரி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் சின்ன வயதில் சர்க்கரை வந்ததில்லை, இது யார் பக்கத்து ஜீன்?" என்று கேட்டிருக்கிறாய். கேட்பது நீயா, உன் அம்மாவா என்பது எனக்குத் தெரியாதா? டைப் 1 என்கிற இந்த வகைச் சர்க்கரை வருகிற பிள்ளைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வீட்டில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. ஒரே ஜீன்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவர் தப்பித்துவிடுவது உண்டு. மருமகளைச் சாடையாகப் பேசுவதை நிறுத்தச் சொல்.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அதில் ஏறக்குறைய பாதி, ஆறாவது குரோமோசோமில் இருக்கும், எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட எச்.எல்.ஏ. என்ற பகுதியுடையது. மீதி பல இடங்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. 2009இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அப்படி 40க்கு மேற்பட்ட இடங்களைக் காட்டியது. வழக்கமாகச் சொல்லும் கதை என்ன? எதிர்ப்பு சக்திக்குப் புத்தி பேதலித்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அடித்துத் தீர்த்துவிடுகிறது. அடி வாங்குகிற செல்லைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

பாஸ்டனில் ஜோஸ்லின் நீரிழிவு மையத்துக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். சுண்டெலியின் பீட்டா செல்களை எடுத்து, ஜீனைக் குறிபார்த்து வெட்டும் க்ரிஸ்பர் முறையில் ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒரு ஜீனை முறித்துவிட்டார்கள். மொத்தம் 19,000 ஜீன் அளவுக்கு. அந்தக் கலவையை எலிகளின் தோலுக்கடியில் வைத்து, ஏற்கெனவே சர்க்கரை வந்த எலிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த எதிர்ப்பு செல்களை உள்ளே ஏவிவிட்டார்கள். புயலுக்குப் பிறகு தோப்பில் எந்த மரம் நிற்கிறது என்று பார்ப்பது மாதிரிதான், மிஞ்சிய செல்களில் எந்த ஜீன் முறிந்திருக்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது சின்னப் பட்டியல். அதில் ஆர்.என்.எல்.எஸ். என்ற ஜீன், மனிதர்களிடம் எடுத்த அந்த 2009 பட்டியலிலும் இருந்தது! இரண்டு வேறு வழியில் போய் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். இந்த ஜீன் இல்லாத செல் நெருக்கடியைத் தாங்கிக்கொண்டது. 1960களில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த பார்ஜிலின் என்ற பழைய மருந்து, இந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. எலிகளுக்குப் பலனும் தெரிந்தது. 2020இல் வெளியிட்டார்கள். எலியில் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலிக்காது, அதனால் மருந்துக் கடையில் போய் அந்தப் பெயரைக் கேட்டு நிற்காதே.

அதே ஜோஸ்லினில், இன்சுலின் போட்டுக்கொண்டே 50 வருடம் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். அவர்களைப் பரிசோதித்தபோது, பலருக்கு உடம்பு இன்னும் துளி இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது. அத்தனை வருட அடிக்குப் பிறகும் சில செல்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. எனக்கு ஜீன் பட்டியல்களை விட இதுதான் ஆச்சரியம்.

அப்புறம், சின்னவளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். என் அபிப்ராயம், வேண்டாம். கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு சுமார் இருபதில் ஒன்று. ஜீன் ரிப்போர்ட் உன் தூக்கத்தைக் கெடுக்கத்தான் உதவும். அதற்குப் பதில், எதிர்ப்பு சக்தி சொந்தச் செல்களையே குறிவைக்கிறதா என்று காட்டும் ஆட்டோ ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் டாக்டரிடம் கேள். இரண்டு வகை ஆன்டிபாடி சேர்ந்து தென்பட்டால்தான் விஷயம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு ரத்தச் சர்க்கரை அளவும் லேசாகத் தடுமாறத் தொடங்கிய கட்டத்தில், நோயைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

லீவுக்குப் பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னாயே, பெயிண்ட் வாசனை போனதும் வா. பஸ்ஸில் வரும்போது இன்சுலினை ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி எடுத்து வா. ஒரு தடவை உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அன்புடன்,
பாலு