கல் முடிந்து பலகை தொடங்கும் இடம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் கீழே இடுப்பளவுக்குக் கல், அதற்கு மேல் மரப்பலகை. கனமானது கீழே இருப்பது கண்ணுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் வெறும் கோடு ஒன்றைப் போட்டு விட்டிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே போவதே அந்த இடத்தில்தான்.

பலகையை விடக் கல் பருமன். அதனால் கல்லின் தலையில் குட்டித் திண்ணை மாதிரி ஒரு விளிம்பு நிற்கும், மேலே வழிகிற மழையெல்லாம் அதில் உட்காரும். அங்கே வெளிப்பக்கம் சரிந்த மூடுகல் ஒன்று வை. அது கல் முகத்தைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்கட்டும். அடியில் நெடுக ஒரு காடியும் வெட்டச் சொல். காடி இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சுவருக்குத் திரும்பி வந்துவிடும்.

மூடுகல்லுக்கு மேலே மடித்த தகடு, பிளாஷிங். அதன் மேல்மடிப்பு பலகைக்குப் பின்னால் ஏற வேண்டும், சுவரில் போர்த்தும் நீர்த்தடுப்புத் தாள் அந்த மடிப்பின் மேல் வந்து இறங்க வேண்டும். ஓடு வேய்கிற கணக்குதான். தாளைத் தகட்டுக்குப் பின்னால் செருகினால் போச்சு. அப்புறம், வெறும் அலுமினியத் தகட்டை ஈரச் சாந்தில் படவிடாதே, அரித்துவிடும்.

பலகையின் அடிக்கும் தகட்டுக்கும் நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதை அடைக்கச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் நம் வீட்டில் சிலிக்கோன் பசை வைத்து இழைத்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்பளித்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ஊறின ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக இருந்த ஒரே வழியை நானே மூடியிருந்தேன். உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பலகையை அறுத்த முனைகளிலும் பெயிண்ட் தடவித்தான் அடிக்க வேண்டும். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அந்த முனை வழியாகத்தான்.

இன்னொன்று. முன்பக்க வெளிமூலையோடு கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படி விட்டால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒட்டுவேலை என்று தெரிந்துவிடும். மூலையைச் சுற்றிக் கொண்டுபோய், உள்மூலை வருகிற இடத்தில் முடி. அங்கே கல்லும் பலகையும் நெட்டுக்குத்தாகச் சந்திக்கும். மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும், கல் அசையாது. அதனால் அந்த இடுக்கில் மட்டும் நுரைக்கயிறு திணித்து, மேலே சீலன்ட், அதாவது இழுபடுகிற அடைப்புப் பசை, போடலாம். சீலன்ட் இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும், கயிறு இல்லாமல் முதுகிலும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும்.

பலகை ஏறிவிட்டால் தாளும் தகடும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் மூலைகளை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு ஆணி அடிக்கட்டும்.

அப்பா