கண்ணாடிச் சன்னல் என் பிஸ்டலுக்கும் வந்துவிட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டப் போவதில்லை; வெட்கம்தான் காரணம். நீ பிஸ்டலின் மேல் ரெட் டாட்டை, அதாவது சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடிக் குறியை, பொருத்திக்கொண்டு வந்த அன்று, "சன்னலைச் சுமந்துகொண்டு சுட வந்துவிட்டான்" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னவன் நான். ஓடியாடிச் சுடும் ஐபிஎஸ்சி பந்தயத்தின் 1990 உலகப் போட்டியில் டக் கோனிக் ரெட் டாட் வைத்தே வென்றார் என்று நீ எடுத்துச் சொன்னபோதும் கேலி செய்தேன். அந்தச் சன்னல் இப்போது என் பிஸ்டலின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. வாத்தியாரிடம் மட்டும் சொல்லிவிடாதே. நானே நேரில் போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

எல்லாம் கண்ணால் வந்தது. குழல்முனையில் இருக்கும் முன்குறியைக் கூர்மையாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்றுதானே நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? வெள்ளெழுத்து வந்த பிறகு எனக்கு அந்த முன்குறியே மங்கிவிட்டது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 160 மில்லிமீட்டர் இருக்கும் பிஸ்டலில், முன்குறி ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் 25 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 156 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத ஒன்றை அவ்வளவு நேராக நிறுத்துவது எப்படி? ரெட் டாட்டில் அந்தத் தொல்லை இல்லை. எல்இடி ஒளி பூச்சிட்ட கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது புள்ளி தொலைவில் இலக்கின் மேலேயே இருப்பதுபோலத் தெரிவதால், இரண்டு கண்களையும் திறந்து இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

பொருத்தியவுடன் மதிப்பெண் ஏறிவிடும் என்று நம்பினேன், இறங்கிற்று. முதல் இரண்டு வாரம் புள்ளியைத் தேடுவதிலேயே கழிந்தது. பழைய பழக்கத்தில் குழல்முனை சற்றுத் தூக்கலாக வரும், புள்ளி மேல்விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும், நான் காலிச் சன்னலை வைத்துக்கொண்டு பிஸ்டலை ஆட்டி ஆட்டித் துழாவிக்கொண்டிருப்பேன். தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடி உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் பயிற்சியை நாள்தோறும் ஐம்பது முறை செய்தேன். மணிக்கட்டு பூட்டியதுபோல நிற்கக் கற்றுக்கொண்ட பிறகே புள்ளி தானாக வந்தது.

ஆனால் நான் எழுத வந்தது இதையல்ல. புள்ளி ஆடுகிறது நண்பா, நிற்கவே மாட்டேன் என்கிறது. என் கை முன்பும் இப்படித்தான் ஆடியிருக்கும். மங்கலான முன்குறி அதை மறைத்து வைத்திருந்தது. புள்ளி நடுவைக் கடக்கும் நொடியில் பிடித்துவிட வேண்டும் என்று டிரிகரைப் பறிப்பேன், குண்டு கீழே இடப்பக்கம் போய் விழும். வெறும் பிஸ்டலில் அழுத்திப் பார்த்தால், விசை விடுபடும் கணத்தில் புள்ளி துள்ளுவது அப்பட்டமாகத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாக என் டிரிகர் அழுத்தம் சுத்தமானது என்று புதியவர்களுக்கு உபதேசம் வேறு செய்துவந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஆட்டத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, புள்ளி பத்தாம் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றிவருகிறேன். ஐந்து குண்டுகளில் மூன்று ஒன்றாகச் சேர்கின்றன. மற்ற இரண்டும் பழைய பாவங்கள்.

இன்னொரு மானக்கேடும் உண்டு. புள்ளி எனக்கு வட்டமாகத் தெரியாமல் காற்புள்ளி போல வால் நீட்டியது. விற்றவரிடம் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அலைபேசியில் சன்னல் வழியே ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி முத்துப்போல வட்டமாக இருந்தது. கோளாறு என் கண்ணில்தான். ஒளியைக் குறைத்த பிறகு வால் பாதி சுருங்கிற்று. அதற்குப் பிறகு நீ எழுதிய ஒட்டுநாடா வித்தையையும் செய்து பார்த்தேன். கண்ணாடியின் முன்புறத்தை மறைத்துவிட்டு இரண்டு கண்களையும் திறந்து சுட்டபோது, அதுவரை இலக்கை விட்டுவிட்டுப் புள்ளியையே வெறித்துப் பார்த்துவந்தேன் என்பது புரிந்தது.

ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்டிருக்கலாம். பெரிதாகத் தெரியட்டும் என்று 6 எம்ஓஏ புள்ளி வாங்கினேன்; எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, புள்ளியின் அளவை அதில்தான் சொல்வார்கள். 25 மீட்டரில் ஓர் எம்ஓஏ என்பது சுமார் 7.3 மில்லிமீட்டர், அப்படியானால் என் புள்ளி ஏறத்தாழ 44 மில்லிமீட்டரை மூடிக்கொள்கிறது. துல்லியச் சுடுதலின் பத்தாம் வளையமே 50 மில்லிமீட்டர்தான். விரைந்து சுடுவதற்கு அது வசதி, நிதானமாகச் சுடும்போது நடு எது என்றே தெரியவில்லை. 25 மீட்டருக்குச் சரிசெய்து வைத்ததால் மிக அருகில் குண்டு சற்றுக் கீழே விழுவது வேறு. புள்ளி குழலுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் அது இயல்பே, அதற்காகப் புள்ளியை நகர்த்தும் திருகைத் தொட மாட்டேன். ஒரே ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்பிய நம் குண்டனின் கதி எனக்கு நினைவிருக்கிறது.

ஒலிம்பிக் பாணி ஐஎஸ்எஸ்எஃப் பிஸ்டல் போட்டிகளில் கண்ணாடியில்லாத திறந்த குறிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு உன்னோடு ஐபிஎஸ்சி புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் என்னும், ரெட் டாட்டை அனுமதிக்கும் பிரிவுக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது. அதற்குள் உன் 3 எம்ஓஏ சன்னலை ஒரு வாரம் எனக்குக் கடன் கொடு. என் பிஸ்டலில் சன்னலைப் பொருத்தும் தட்டில் அது பொருந்தும், அளந்து பார்த்துவிட்டேன்.

என்றும் உன்,
சன்னல்காரன்