கடைத்தெருவில் கேட்க வேண்டிய மன்னிப்பு

மூத்தவனின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். உங்களை நான் திட்டியது பினாங்குத் தெருவில், சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே. ஊரார் பார்க்கத் திட்டிவிட்டு, மன்னிப்பை மட்டும் அடுப்படியில் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆறு சனிக்கிழமைகள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போனீர்கள். கேட்டால் "நண்பரைப் பார்க்க" என்றீர்கள். உங்களுக்குப் பொய் வராது. சொல்லும்போதே கை காதைத் தடவும். கைப்பேசி அடித்தால் பின்வாசலுக்குப் போய்ப் பேசினீர்கள். ஒருநாள் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நானே எடுத்தேன். ஓர் இளம்பெண். "அண்ணா, கிடைத்துவிட்டது. அக்காவுக்குத் தெரியாமல் வாருங்கள்." அவள் "அண்ணா" என்றது என் காதில் ஏறவே இல்லை. "அக்காவுக்குத் தெரியாமல்" என்பது மட்டும் ஏறியது.

உங்கள் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன். சென்ட் வாசனை இல்லை, ஏதோ எண்ணெய் வாசனை. எங்கோ பழகிய வாசனைதான். எங்கே என்று யோசிக்கும் நிதானம் அப்போது இல்லை.

அடுத்த சனிக்கிழமை உங்களுக்குப் பின்னால் அடுத்த படகில் வந்தேன். 2023-இல் வந்த இந்தப் புதுப் படகுகள் நாலாப்பக்கமும் அடைத்தவை. பழைய பெரிய படகென்றால் கடற்காற்று முகத்தில் அடித்திருக்கும், கொஞ்சம் ஆறியிருப்பேனோ என்னவோ. பினாங்குத் தெருவில் ஒரு கடையிலிருந்து நீங்களும் ஓர் இளம்பெண்ணும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பூக்காரம்மா சரம் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீங்கள் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. அந்தப் பெண் அழுதாள்.

ஐந்து நாள் கழித்து, நம் கல்யாண நாளன்று, லாரியில் வந்து இறங்கியது என் அம்மாவின் சிங்கர் தையல் இயந்திரம்.

கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் விடியுமுன்னே ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போய்வந்து, இரவெல்லாம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மா சீருடை தைத்த இயந்திரம். என் அப்பாவும் "நண்பரைப் பார்க்க" என்றுதான் ஒருநாள் கிளம்பினார், திரும்பவில்லை. அதன்பின் எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது அதுதான். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தம்பி வீட்டுத் தகரக் கொட்டகைக்குப் போய்த் துருப்பிடித்துக் கிடந்தது. நான் என்றோ ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்துத் தேடிப் போயிருக்கிறீர்கள்.

அந்தக் கடையில் பழுது பார்த்த பெரியவருக்குக் காது கேட்காது, அதனால் அவர் மகளான அந்தப் பெண்தான் போனில் பேசினாள் என்பதைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடிநூல் சுற்றிய நீள பாபினை உள்ளே வைக்கும் படகு போன்ற சிறிய உலோகக் கூடு தொலைந்திருந்ததாம். இயந்திரத்தைச் செய்த ஸ்காட்லாந்துத் தொழிற்சாலையை 1980-இலேயே மூடிவிட்டார்கள். பழைய சாமான்களுக்குள் துழாவி, அந்தக் கூட்டைக் கண்டெடுத்தவள் அவள். "கிடைத்துவிட்டது" என்றது அதைத்தான்.

பலகையின் வலது ஓரத்தைத் தடவினேன். அளவு நாடா வாங்கக் காசில்லாத நாளில் அம்மா கத்தியால் கீறிய அங்குலக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. பலகை முழுக்க இழைத்து மெருகு போடச் சொன்ன நீங்கள், அந்த ஓரத்தை மட்டும் தொடக்கூடாது என்றீர்களாம். குனிந்து சக்கரத்தைச் சுற்றினேன். உங்கள் சட்டையில் இருந்த அதே எண்ணெய் வாசனை. அம்மாவின் முந்தானை வாசனை.

என்னை மன்னியுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பக்கத்தில் இருக்கும் உங்களைப் பார்க்காமல், என்றோ போன ஒருவரை உங்கள் முகத்தில் பார்த்துவிட்டேன்.

இயந்திரத்தில் இன்னும் நூல் கோக்கவில்லை. வரும் சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போங்கள். பூக்காரம்மா இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் நான் பேச வேண்டும். அளவு நாடாவும் எடுத்து வருகிறேன். அவள் சம்மதித்தால் முதல் சட்டை அவளுக்குத்தான்.

உங்கள்
வீட்டுக்காரி