பூட்டிய ஃபோல்டரைத் திறந்து விடுங்கள்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பதிப்புரிமை மீறல் என்று சொல்லி என் இசை ஃபோல்டரைப் பூட்டியது தொடர்பாக

ஐயா / அம்மா,

உங்கள் கிளவுடில் ஆண்டுச் சந்தா கட்டி இடம் வைத்திருக்கிறேன். போன வாரம் அதிலிருந்த, கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கச்சேரிப் பதிவுகள் உள்ள ஃபோல்டரைப் பூட்டிவிட்டீர்கள். நண்பர்களுக்குக் கொடுத்த லிங்க் போனதோடு நிற்கவில்லை, நானே அதைத் திறக்க முடியவில்லை. விளக்கம் கேட்டு எழுதினால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "வெளியீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான ஒலிப்பதிவுடன் பொருந்துகிறது."

எதோடு பொருந்துகிறது என்று நானே சொல்கிறேன். 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் இந்தக் குழு வாசித்த கச்சேரி 2017-இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அது மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியிலிருந்து எடுத்த பதிவு. என்னிடம் இருப்பது அதே இரவில், கூட்டத்துக்குள் மைக் வைத்து ஒரு ரசிகர் பதிவு செய்த டேப். பாட்டும் வாசிப்பும் ஒன்றுதான், பதிவு வேறு. இரண்டையும் ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்டாலே தெரிந்துவிடும். உங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது, சரி. ஆட்சேபம் வந்த பிறகாவது ஒரு மனிதர் கேட்டிருக்க வேண்டாமா?

இது திருட்டுத்தனமாகச் சுற்றும் சரக்கும் இல்லை. 1984 முதல் கச்சேரிகளில் டேப் எடுப்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிய குழு இது. ரசிகர்கள் எடுத்த பதிவைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அவர்களின் நிலைப்பாடு. அன்று தபாலில் போன கேசட் இன்று ஃபிளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் வடிவம்) ஃபைலாகப் போகிறது, அவ்வளவுதான். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்திலும் இந்தக் குழுவின் ரசிகர் பதிவுகளை டவுன்லோடு செய்ய விடுகிறார்கள், மிக்ஸர் பதிவுகளைக் கேட்க மட்டும் விடுகிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டாமல் ரசிகர் பதிவுகளை மட்டுமே நான் பகிர்ந்தேன், யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. (பாட்டு ஃபைல்களைப் பகிர உதவிய நாப்ஸ்டர் சேவை மீது 2000-இல் வழக்குப் போட்ட மெட்டாலிகா என்ற ராக் குழுவே தங்கள் கச்சேரிகளில் ரசிகர்கள் பதிவு செய்ய அனுமதித்த குழுதான். எது பகிரலாம், எது கூடாது என்பது குழுவுக்குக் குழு மாறும்.)

இன்னொரு கூத்து. ஒவ்வொரு பதிவுடனும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். என்ன மைக், என்ன டெக் (டேப் பதிவுக் கருவி), எத்தனையாவது பிரதி, யார் கணினிக்கு மாற்றினார்கள் என்ற விவரம் அதில்தான் இருக்கும். அதையும் ஒலிப்பதிவு என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள்! அது போனால் மிச்சமிருப்பது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஃபைல்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃபோல்டரை ஒரு ஊழியரை வைத்துப் பரிசீலித்துத் திறந்து விடுங்கள். என் கணக்கில் பதிந்த எச்சரிக்கையை நீக்குங்கள். பகிர்வதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் லிங்க்கை நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் என் ஃபைலை நான் இறக்கிக்கொள்ள வழி விடுங்கள். இதுவும் முடியாதென்றால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வேன். அந்தப் பதிலும் மென்பொருள் எழுதியதாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்